பழைய இரும்பிலிருந்து ஒரு சைக்கிள் டிரெய்லர்: முதன்முறை செய்வோருக்கான வழிகாட்டி

சைக்கிளின் பின்னால் பூட்டி இழுக்கக்கூடிய இரண்டு சக்கர டிரெய்லரை, பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே வீட்டு வாசலில் செய்து முடிக்க முடியும். இங்கே விளக்கப்படும் டிரெய்லர் 40 கிலோ வரையிலான சுமைக்கானது. இரண்டு தண்ணீர் கேன்களையோ, ஒரு வாரக் காய்கறியையோ, தோட்டத்துக்கு வேண்டிய உரத்தையோ சமதளச் சாலையில் எடுத்துச் செல்ல அது போதுமானது. கடைகளில் விற்கப்படும் சைக்கிள் டிரெய்லர்கள் பலவற்றுக்கும் 45 கிலோ அளவில்தான் உச்ச எடை குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் டிரெய்லர் தாங்கினாலும் சைக்கிளின் பிரேக் தாங்காது.

மோட்டார் சைக்கிளுக்கோ மொபெட்டுக்கோ பூட்டும் டிரெய்லரைப் பற்றி இந்தக் கட்டுரையில் பேசவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் டிரெய்லரையும் ஒரு மோட்டார் வாகனமாகவே வரையறுக்கிறது. எனவே அதற்குப் பதிவும் அதைச் சார்ந்த ஒப்புதல்களும் தேவைப்படும். சைக்கிளால் இழுக்கப்படும் வண்டி அந்த வரையறைக்குள் வருவதில்லை. இதைச் செய்து முடித்த பிறகு, “மொபெட்டில் மாட்டினால் என்ன?” என்று யாராவது நிச்சயமாகக் கேட்பார்கள். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், 15 கிலோமீட்டர் வேகத்துக்காகச் செய்யப்பட்ட இணைப்பு 40 கிலோமீட்டர் வேகத்தில் என்ன ஆகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்பதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் சக்கரம்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் பெட்டியிலிருந்து தொடங்குகிறார்கள். கையில் ஒரு நல்ல பிளாஸ்டிக் கிரேட் கிடைத்தவுடன் அதற்கு அடியில் சக்கரம் வைக்கும் வழியைத் தேடுகிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் முறையும்தான் டிரெய்லரின் அகலம், உயரம், வலிமை ஆகிய மூன்றையும் தீர்மானிக்கின்றன. பெட்டி எதுவாக இருந்தாலும் கடைசியில் பொருத்திக்கொள்ளலாம்.

சைக்கிள் ஓட்டும்போது வளைவில் நாம் சாய்கிறோம், சக்கரமும் நம்மோடு சாய்கிறது. அதனால் சுமை எப்போதும் சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது, ஸ்போக்ஸ் கம்பிகளுக்குப் பக்கவாட்டு அழுத்தம் அதிகம் வருவதில்லை. இரண்டு சக்கர டிரெய்லர் வளைவில் சாயாது, நிமிர்ந்தே திரும்பும். அப்போது ஏற்றிய எடை முழுவதும் சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளும். ரிம் பெரிதாக இருந்தால் இந்தத் தள்ளுதலின் நெம்புவிசை கூடும், கம்பிகளின் சாய்வும் குறைவாக இருக்கும். ஆகவே பெரியவர்கள் ஓட்டும் 28 அங்குல சைக்கிளின் 635 மி.மீ. ரிம்மைவிட, சிறுவர் சைக்கிளில் வரும் 20 அங்குலச் சக்கரத்தின் 406 மி.மீ. ரிம் இந்த வேலைக்கு நன்றாகத் தாங்கும். சிறுவர் சைக்கிள்கள் பழைய இரும்புக் கடைகளில் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பது கூடுதல் வசதி. பிள்ளைகள் வளர்ந்துவிடுவதால் ஒதுக்கப்படுகின்றனவே தவிர, அவை தேய்ந்து கழிந்தவை அல்ல.

ஒரே சைக்கிளின் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஜோடியாக்க வேண்டாம். பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கும் பக்கத்துக்கு இடம் விட்டு ரிம் ஒருபக்கமாக ஒதுக்கிக் கட்டப்பட்டிருக்கும், அச்சின் தடிமனும் வேறுபடும். இரண்டு சைக்கிள்களிலிருந்து இரண்டு முன் சக்கரங்களை எடுப்பதே நல்லது. இரண்டு டயர்களின் பக்கச்சுவரிலும் ஒரே அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 20 அங்குலம் என்று அழைக்கப்படும் சக்கரங்களிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ரிம் அளவுகள் உண்டு.

கடையிலேயே சக்கரத்தைச் சோதித்துவிடலாம். அச்சின் இரு முனைகளையும் விரல்களால் பிடித்துச் சுழற்றும்போது கரகரவென்று ஒலித்தால், உள்ளே பால்ஸோ, அவற்றைப் பிடித்திருக்கும் கூம்பு வடிவக் கோனோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். பால்ஸும் கோனும் விலை குறைந்தவை, எந்தச் சைக்கிள் கடையிலும் மாற்றிவிடுவார்கள். அதனால் மட்டும் நல்ல சக்கரத்தைக் கைவிட வேண்டியதில்லை. ரிம் சிறிது கோணியிருந்தாலும் பெண்டு எடுத்துவிடலாம். ஆனால் ஸ்போக்ஸ் கம்பி ரிம்முக்குள் நுழையும் இடத்தில் துரு உப்பி, நிப்பிளும் (கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் சிறு நட்) கம்பியும் ஒன்றாகிப் போயிருந்தால் அந்தச் சக்கரம் வேண்டாம். அதில் பெண்டு எடுக்கும்போதே கம்பிகள் முறியத் தொடங்கும். டயரையும் ட்யூபையும் மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த ரப்பர் பார்க்க நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும், சுமை ஏறியதும் அங்கேதான் பிளக்கும்.

டிரெய்லரின் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) எதைத் தேடுவது

சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டையும் கோவையில் இருப்பவர்களுக்கு உக்கடமும் தெரிந்த இடங்கள்தான். மற்ற ஊர்களில் எந்தப் பழைய இரும்புக் கடையும் போதும். தேட வேண்டியது 25 மி.மீ. ஸ்கொயர் பைப், அல்லது 25-க்கு 25-க்கு 3 மி.மீ. எல் ஆங்கிள். 1.6 மி.மீ. கனமுள்ள ஸ்கொயர் பைப் மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ வரும், ஆங்கிளும் ஏறத்தாழ அதே எடைதான். பழைய இரும்புக் கட்டில், பள்ளிக்கூட பெஞ்சின் கால், கழற்றிப் போட்ட ஜன்னல் சட்டம் ஆகியவற்றில் இவை கிடைக்கும். வாங்குமுன் ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பைப் உள்ளுக்குள் துருப்பிடித்து மெலிந்திருந்தால் ஒலி மந்தமாக வரும், சில இடங்களில் பள்ளமும் விழும்.

பழைய சைக்கிள் ஃபிரேமையே வெட்டிச் சட்டமாக்கும் எண்ணம் பலருக்கும் வரும். அதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தக் குழாய்களின் சுவர் மெல்லியது, பழக்கமில்லாத கையில் ஆர்க் வெல்டிங் பிடித்தால் இணைவதற்கு முன்பே ஓட்டை விழுந்துவிடும்.

வெல்டிங் வசதியே இல்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அலுவலகங்களும் கடைகளும் கழிக்கும் இரும்பு ரேக்குகளின் கால்கள், நீளவாக்கில் துளையிட்ட ஸ்லாட்டட் ஆங்கிளால் ஆனவை. அவற்றை ரேக்கிலேயே வரும் முக்கோணத் தகடுகளோடு போல்ட் போட்டு முடுக்கினால் ஓரளவு உறுதியான சட்டம் கிடைக்கும். தகடு மெல்லியது என்பதால் சுமையை 25 கிலோவுக்குள் வைத்துக்கொள்வதும், எல்லா மூலைகளிலும் முக்கோணத் தகடு வைப்பதும் அவசியம்.

சட்டத்தை அமைத்தல்

சக்கரத்தை ஒரே பக்கம் தாங்கும்படி, தள்ளுவண்டியில் வைப்பதுபோல் அச்சை வெளியே நீட்டிவிடுவதுதான் வீட்டில் செய்யப்படும் டிரெய்லர்களில் அடிக்கடி காணப்படும் பிழை. சைக்கிள் அச்சு இரு முனையிலும் தாங்கப்படுவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு முனையில் மட்டும் பிடித்தால் சில வாரங்களில் வளையும், பிறகு உடையும். எனவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் உட்பக்கம் ஒரு பைப், வெளிப்பக்கம் ஒரு பைப் என்று நீளவாக்கில் நான்கு பைப்புகள் வர வேண்டும். சக்கரம் அந்த இரண்டு பைப்புகளுக்கு இடையே உட்கார்ந்திருக்கும்.

அளவுகளைப் பார்ப்போம். நீளப் பைப்புகள் நான்கும் 90 செ.மீ. உள் பைப்புகள் இரண்டின் வெளிமுகங்களுக்கு இடையே 55 செ.மீ. சக்கரத்துக்கான இடைவெளி பக்கத்துக்கு ஏறத்தாழ 10 செ.மீ. இந்தக் கடைசி அளவை மட்டும் இங்கே எழுதியிருப்பதை வைத்து வெட்ட வேண்டாம். உங்கள் சக்கரத்தின் அச்சில், இருபுறமும் உள்ள கோன்களை இறுக்கும் நட்டுகளின் வெளிமுகங்களுக்கு இடையே அளந்து, அதோடு 2 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வாறு அமைத்தால் மொத்த அகலம் 80 செ.மீ. வரும். முன்னும் பின்னும் 80 செ.மீ. குறுக்குப் பைப் ஒவ்வொன்று, நடுவில் உள் பைப்புகளுக்கு இடையே இரண்டு குறுக்குப் பைப்புகள் சேர்த்தால் மொத்தம் 6 மீட்டரைச் சற்றே தாண்டும். சட்டத்தின் எடை 7 கிலோவை ஒட்டி இருக்கும்.

அச்சைத் தாங்க 5 மி.மீ. கனமுள்ள பிளாட்டில் (தட்டையான இரும்புப் பட்டையில்) நான்கு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் கீழ்நோக்கித் திறந்த ஒரு பிளவை அறுக்க வேண்டும். இந்தத் துண்டுகள் பைப்பின் அடியில், பைப்பின் சக்கரப் பக்க முகத்தோடு ஒட்டி நிற்கும்படி பற்றவைக்கப்படும். பிளவு கீழ்நோக்கி இருப்பதால் சுமை சட்டத்தை அச்சின் மேல் அழுத்திவைக்கும், சக்கரத்தைக் கழற்றுவதும் எளிது. ஆனால் நட் தளர்ந்து டிரெய்லர் ஒரு பள்ளத்தில் துள்ளினால் சக்கரம் கீழே நழுவிவிடும். அதைத் தடுக்க, அச்சுக்குக் கீழே பிளவின் குறுக்காக ஒரு சிறு போல்ட் போடத் துளையிட்டு வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் பெரும்பாலோர் செய்வதில்லை.

அச்சு சட்டத்தின் சரிநடுவில் வரக்கூடாது. முன் விளிம்பிலிருந்து 51 செ.மீ. தொலைவில், அதாவது நடுவிலிருந்து 6 செ.மீ. பின்னால் தள்ளி வர வேண்டும். சுமையைச் சீராகப் பரப்பினால் அதன் எடையில் ஒரு சிறு பங்கு, 5 முதல் 10 விழுக்காடு வரை, முன்னால் உள்ள இணைப்பின் மேல் விழும். இந்த முன்பாரம் இல்லாவிட்டால் டிரெய்லர் ஓடும்போது இடதும் வலதுமாக ஆடத் தொடங்கும். பின்பாரம் கூடிவிட்டாலோ சைக்கிளின் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும்.

பற்றவைக்கும்போது முதலில் எல்லா மூலைகளிலும் சிறு புள்ளிகளாக டேக் மட்டும் அடியுங்கள். பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமாக வரும்வரை தட்டிச் சரிசெய்யுங்கள். அடுத்து சக்கரங்களை மாட்டி, இரண்டு ரிம்களுக்கும் இடையே முன்பக்கம் ஒருமுறையும் பின்பக்கம் ஒருமுறையும் அச்சின் உயரத்திலேயே அளக்க வேண்டும். இந்த இரண்டு அளவுகளும் 3 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் டயர்கள் ஓடும் தூரமெல்லாம் தரையில் உராய்ந்து தேயும், மிதிப்பவருக்கும் காரணம் தெரியாத களைப்பு வரும். அளவுகள் சரியான பிறகே முழு வெல்டிங். அதையும் ஒரே மூலையில் முடிக்காமல் எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றிச் செய்தால் சட்டம் சூட்டில் முறுக்கிக்கொள்ளாது. 1.6 மி.மீ. பைப்புக்கு 2.5 மி.மீ. வெல்டிங் ராடு பொருத்தமானது.

பழைய இரும்பில் வெல்டிங் செய்யும்போது சில ஆபத்துகள் தனியாகச் சொல்லப்பட வேண்டியவை. ஜிஐ பைப்பின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். சைக்கிள் ஹேண்டில்பாரில் உள்ளதைப் போன்ற குரோம் பூச்சின் புகை அதைவிடக் கெடுதலானது. இரண்டையும் பற்றவைக்கும் இடத்தில் கிரைண்டரால் முழுமையாக நீக்கிவிட்டு, திறந்த வெளியில்தான் வேலை செய்ய வேண்டும். எண்ணெயோ பெட்ரோலோ இருந்த மூடிய டின், டிரம் எதையும் வெட்டவோ பற்றவைக்கவோ கூடாது. காலியாக இருப்பதாகத் தோன்றினாலும் உள்ளே தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். இந்த வேலையில் பழக்கமில்லை என்றால், வெட்டி அளந்து வைத்த துண்டுகளை ஒரு வெல்டிங் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். அளவுகளும் துண்டுகளும் தயாராக இருந்தால் பட்டறைக் கூலி பெரிதாக வராது.

இழுகம்பியும் இணைப்பும்

இந்த டிரெய்லரில் கஞ்சத்தனம் காட்டக்கூடாத இடம் இதுதான். சட்டம் பழையதாக இருக்கலாம், பலகை பழையதாக இருக்கலாம். ஆனால் டிரெய்லரையும் சைக்கிளையும் சேர்த்துப் பிடிக்கும் போல்ட், நட், ரப்பர் குழாய் ஆகிய மூன்றையும் புதிதாக வாங்குங்கள். நட் எல்லாம், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் அதிர்வில் எளிதில் தளராத நைலாக் நட்டாக இருக்கட்டும்.

இணைப்பைச் சைக்கிளின் பின் அச்சின் உயரத்தில், இடப்பக்கம் வைக்க வேண்டும். வலப்பக்கம் செயின் இருக்கிறது. சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் கட்டுவது எளிதாகத் தோன்றும், ஆனால் பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் அந்த உயரத்தில் தள்ளினால் சைக்கிளின் சமநிலை குலையும்.

5 மி.மீ. பிளேட்டில் அச்சு நுழையும் அளவுக்கு ஒரு துளையிட்டு, பின் அச்சின் இடப்பக்க நட்டுக்கு அடியில் மாட்டுங்கள். நம் ஊர்ச் சைக்கிள்களில் கேரியரின் கால், மட்கார்டு கம்பி, ஸ்டாண்டு எல்லாமே ஏற்கெனவே அதே அச்சில் அடுக்கப்பட்டிருக்கும். பிளேட்டையும் சேர்த்த பிறகு நட் முழுவதும் மரையில் ஏறி, ஓரிரு மரைகள் வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீளமான ஆக்சில் ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். பிளேட் அச்சைச் சுற்றிச் சுழலாமல் இருக்க, அதன் மறுமுனையைச் சைக்கிள் ஃபிரேமோடு ஒரு கிளாம்பால் பிணைக்க வேண்டும்.

இணைப்பு மூன்று விதமாக அசைய வேண்டும். திரும்பும்போது இடவலமாகவும், மேடு பள்ளத்தில் மேல்கீழாகவும், சைக்கிள் சாயும்போது முறுக்காகவும் அது இடம் கொடுக்க வேண்டும். கார்களில் கழற்றிய டை ராட் எண்டை (ஸ்டியரிங் அமைப்பில் வரும் பந்து மூட்டை) பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதன் தண்டு செங்குத்தாக நின்றால் திரும்புவதற்குத் தடையில்லை, ஆனால் சாய்வுக்கு அது கொடுக்கும் இடம் குறைவு. சைக்கிள் கீழே விழுந்தால் பிளேட்டோ அச்சோ வளைந்துவிடும். நூலிழை வலுவூட்டிய தடித்த ரப்பர் குழாய் இதைவிட எளிமையானது. 12 செ.மீ. துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையில் 4 செ.மீ. இழுகம்பியின் (டிரெய்லர் சட்டத்திலிருந்து சைக்கிளை நோக்கி வரும் பைப்பின்) மேலும், மறுமுனையில் 4 செ.மீ. பிளேட்டோடு பற்றவைத்த குட்டைக் குழாயின் மேலும் ஏற்றி, நடுவில் 4 செ.மீ. சும்மா விடுங்கள். இரு முனையிலும் ரப்பரையும் உள்ளே இருக்கும் இரும்பையும் ஊடுருவிச் செல்லும் 6 மி.மீ. போல்ட் ஒன்றும், வெளியே ஒரு ஹோஸ் கிளிப்பும் வேண்டும். மூன்று அசைவுகளையும் அந்த 4 செ.மீ. ரப்பரே பார்த்துக்கொள்ளும்.

ரப்பர் கிழிந்தாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாமல் இருக்க ஒரு காப்புப் பட்டை கட்டாயம் தேவை. பழைய கார்களின் சீட் பெல்ட் இதற்கு மிகப் பொருத்தம். இழுகம்பியையும் சைக்கிள் ஃபிரேமையும் சுற்றி, திரும்புவதற்குத் தேவையான தளர்வை மட்டும் விட்டுக் கட்டுங்கள்.

இழுகம்பிக்கு 25 முதல் 32 மி.மீ. விட்டமுள்ள உருண்டைப் பைப் வேண்டும். சட்டத்தின் முன் விளிம்பு சைக்கிளின் பின் அச்சிலிருந்து 60 செ.மீ. பின்னால் நிற்கும்படி நீளத்தைத் தீர்மானித்தால், டயரும் கேரியரும் டிரெய்லரில் இடிக்காது. இணைப்பு இடப்பக்கம் இருக்க, டிரெய்லரோ சைக்கிளுக்கு நேர் பின்னால் வர வேண்டும். எனவே கம்பி டயரின் இடப்பக்கமாகவே வந்து, டயரைத் தாண்டிய பிறகு நடுவை நோக்கி வளைய வேண்டும். வலப்பக்கம் திரும்பும்போதுதான் இந்தக் கம்பி பின் டயரை நோக்கி நெருங்கும். ஆகவே இறுதியாகப் பற்றவைக்கும் முன், கம்பியைத் தற்காலிகமாகக் கட்டிவைத்துச் சைக்கிளை வலப்பக்கமாக முடிந்தவரை ஒடித்துத் தள்ளிப் பாருங்கள். டயரைத் தொட்டால் கம்பியை இன்னும் வெளிப்பக்கமாக வளைத்த பிறகே தொடர வேண்டும். கம்பியின் பின்முனை ஒரே குறுக்குப் பைப்போடு நின்றுவிடாமல், முன் குறுக்குப் பைப்பையும் அடுத்த குறுக்குப் பைப்பையும் பிடித்திருக்க வேண்டும்.

தளம், பக்கங்கள், வண்ணம்

தளத்துக்குப் பேக்கிங் பெட்டிப் பலகையோ பழைய பிளைவுட்டோ போதும். ஏற்றுமதிப் பேலட்டுகளின் பலகையை எடுத்தால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் வெறும் வெப்பத்தில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு நச்சுவாயுவால் பதப்படுத்தியது, அதை விட்டுவிடுங்கள். சக்கரம் தளத்துக்கு மேலும் நீட்டிக்கொண்டிருப்பதால், சுமையோ கயிறோ கம்பிகளில் சிக்காமலிருக்க இருபுறமும் குறைந்தது 25 செ.மீ. உயரத்துக்குப் பலகை அடைக்க வேண்டும். கழற்றிய ஃபிளெக்ஸ் பேனர் மழைக்கு நல்ல மூடுதுணி, பழைய சைக்கிள் ட்யூபைக் கீறினால் சுமை கட்டும் வார்.

துருவைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் பூசுங்கள். பின்புறம் இரண்டு மூலைகளிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் வையுங்கள். டிரெய்லர் ஹேண்டில்பாரைவிட அகலமானது, பின்னால் வருபவர்கள் முந்தும்போது அவர்கள் பக்கம் வருவது அதன் வலது மூலைதான். அந்த மூலையில் தலை உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சியில் பளிச்சென்ற துணியும் கட்டுங்கள். லாரியின் பார்வையிலிருந்து தாழ்வான டிரெய்லர் எளிதில் மறைந்துவிடும்.

சோதனை

20 லிட்டர் தண்ணீர் கேன்கள் எடைக்கல்லாகப் பயன்படும், ஒன்றில் 20 கிலோ தண்ணீர் இருக்கும். மூன்று கேன்களை, அதாவது திட்டமிட்ட சுமையின் ஒன்றரை மடங்கை ஏற்றி, சைக்கிளில் ஏறாமல் கையால் தள்ளிக்கொண்டே மேடு பள்ளமான இடத்தில் ஒரு சுற்று வாருங்கள். பிறகு சுமையை இறக்கி, வெல்டிங் ஒவ்வொன்றிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா, அச்சு வளைந்திருக்கிறதா, ரிம் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். இதில் தேறினால் ஒரே ஒரு கேனோடு போக்குவரத்தில்லாத தெருவில் ஓட்டத் தொடங்கலாம்.

முதலில் பழக வேண்டியது நிற்பதற்கு. சுமையோடு வரும் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுவதால், வழக்கமாக நிற்கும் தூரம் கணிசமாக நீளும். கம்பி பிரேக்கும் குரோம் பூசிய இரும்பு ரிம்மும் உள்ள சைக்கிளில் மழை நேரத்தில் பிரேக் பெருமளவு குறைந்துபோகும். ஈரமான நாளில் இறக்கத்தில் சுமையோடு இறங்குவதைவிட, இறங்கித் தள்ளிக்கொண்டு செல்வதே சரி. வளைவுகளில் டிரெய்லரின் உட்பக்கச் சக்கரம் சைக்கிள் போகும் தடத்தைவிட உள்ளே வெட்டி வரும். நடைபாதை விளிம்பில் ஏறிக் கவிழ்வது பெரும்பாலும் இதனால்தான். கனமான பொருட்களைத் தளத்தில் தாழ்வாகவும் அச்சுக்குச் சற்று முன்னாலும் வைத்து, அசையாமல் கட்டுங்கள். பாதி நிறைந்த கேனில் தண்ணீர் அலைபாய்ந்து வளைவில் வெளிப்பக்கம் தள்ளும், ஆகவே கேனை நிறைத்தே ஏற்றுங்கள். குழந்தைகளை இந்த டிரெய்லரில் ஏற்றக்கூடாது. அதற்கான இருக்கையோ பட்டையோ கவிழ்ந்தால் காக்கும் சட்டமோ இதில் இல்லை.

முதல் வாரம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள், புதிதாக அமர்ந்த இணைப்புகள் சற்றுத் தளர்ந்திருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ரப்பர் குழாயின் நடுப்பகுதியை வளைத்துப் பாருங்கள். வெளித்தோல் வெடித்து உள்ளே நூலிழை தெரிந்தால், அன்றைய சுமை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், குழாயை மாற்றிய பிறகே புறப்படுங்கள்.